நிலத்தை விற்று கேம்பிரிட்ஜுக்குப் போகலாமா?

கேள்வி: தேனி மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அரசு உதவி பெறும் கல்லூரியில் எம்.எஸ்சி. கணிதம் முடிக்கப் போகிறேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ‘பார்ட் த்ரீ’ என்கிற ஓராண்டு கணித முதுகலைப் படிப்புக்கு ஆஃபர் வந்திருக்கிறது. உதவித்தொகை எதுவும் கிடைக்கவில்லை. கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, விசா எல்லாம் சேர்த்தால் 60 லட்சம் ஆகும் போலிருக்கிறது. அப்பா 2 ஏக்கர் நஞ்சையை விற்கிறேன், மீதிக்கு வீட்டை வைத்து பேங்கில் கடன் வாங்கலாம் என்கிறார். தம்பி ப்ளஸ் டூ படிக்கிறான். சொந்தக்காரர்கள் எல்லாரும் கேம்பிரிட்ஜ் பேர் போதும், ஒரே வருஷத்தில் சம்பாதித்துவிடுவாள் என்கிறார்கள். அம்மாவுக்குப் பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயம். எனக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் பேசத் தயங்குவேன். அங்கே மற்றவர்களுக்குச் சமமாக நிற்க முடியுமா? இதை விட்டுவிட்டால் மறுபடி கிடைக்குமா?

பதில்:

முதலில் வாழ்த்துகள், மனதாரச் சொல்கிறேன். பார்ட் த்ரீக்கு உலகம் முழுவதிலிருந்தும் கணிதத்தில் முதல் வரிசையில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். கிராமத்திலிருந்து வந்து, அரசு உதவி பெறும் கல்லூரியில் படித்து, அந்த இடத்தில் உங்கள் பெயர் தேர்வாகியிருக்கிறது என்றால் அது உங்கள் உழைப்பும் உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிய ஆசிரியர்களின் உழைப்பும்தான். அதை யாரும் பிடுங்க முடியாது.

ஆனால் நிலத்தை விற்க வேண்டாம். வீட்டையும் அடமானம் வைக்க வேண்டாம். பணத்தோடு போக வழி தேடுங்கள், இந்த வருடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பியுங்கள். வெளிநாட்டு மேற்படிப்பு ஆலோசனைதான் என் தொழில், எந்தப் பல்கலைக்கழகத்திடமும் கமிஷன் வாங்குவதில்லை. அதனால் போகச் சொல்லியும் எனக்கு லாபம் இல்லை, போகாதே என்று சொல்லியும் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியதை அப்படியே சொல்கிறேன்.

சொந்தக்காரர்கள் சொல்வதிலிருந்தே தொடங்கலாம். ஒரே வருடத்தில் சம்பாதித்துவிடலாம் என்பது நடக்காது. பார்ட் த்ரீ அக்டோபரில் தொடங்கி ஜூனில் முடிகிறது, மொத்தம் ஒன்பது மாதம். மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பது உண்மை, ஆனால் அந்தப் படிப்பின் பாரத்தைத் தூக்கிக்கொண்டு கடையில் நின்று வேலை பார்ப்பது முடிகிற காரியம் இல்லை, பல்கலைக்கழகமும் அதை விரும்புவதில்லை. படிப்பு முடிந்ததும் வேலை தேட ‘கிராஜுவேட் ரூட்’ என்ற விசா உண்டு. அது இரண்டு ஆண்டாக இருந்தது, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான், பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மட்டும் 3 ஆண்டு. அந்தக் காலத்துக்குள் வேலை விசாவுக்கு உங்களை ஸ்பான்சர் செய்யத் தயாரான நிறுவனம் கிடைக்க வேண்டும். கணிதம் படித்தவர்களுக்கு லண்டன் நிதி நிறுவனங்களில் நல்ல வேலை கிடைப்பது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கடிதத்தில் ஓரிடத்தில்கூட வேலை என்று எழுதவில்லை, கணிதம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆராய்ச்சிக்குப் போக நினைப்பதாக எனக்குப் படுகிற பெண்ணை இந்தக் கடன் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும், அதுதான் எனக்குக் கவலை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முழுத் தொகையையும் கடனாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நிலத்தை விற்று வந்த பணமும் அப்பாவுக்கு நீங்கள் பட்ட கடன்தான், அதற்கு வட்டி எழுதப்படவில்லை, அவ்வளவே. 60 லட்சம், 10 சதவீத வட்டி, 15 ஆண்டு தவணை என்றால் மாதம் சுமார் 64,500 ரூபாய் கட்ட வேண்டும். 15 ஆண்டில் மொத்தம் 1 கோடியே 16 லட்சம் ஆகிறது. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவே இல்லை. இப்போது ஊருக்குத் திரும்பி வந்து நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குகிறீர்கள் என்று வையுங்கள், அதில் கிடைப்பது மாதம் 37,000 ரூபாய். இங்கிலாந்திலேயே பிஎச்.டி.க்கு நிதியோடு இடம் கிடைத்துவிட்டது என்றால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அப்போதும் உதவித்தொகையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தவணைக்குப் போய்விடும், மீதியில் வாடகை, சாப்பாடு எல்லாம் பார்க்க வேண்டும். ஆக, இந்தக் கடனை வாங்கிவிட்டால் ஆராய்ச்சி என்ற பாதை உங்களுக்கு மூடிக்கொள்கிறது. எதற்காகப் போகிறீர்களோ அதையே விலையாகக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி ஆகிவிடும்.

கேம்பிரிட்ஜ் என்றதும் நம்மூரில் எல்லாரும் ராமானுஜனைச் சொல்வார்கள், உங்கள் அப்பாவும் சொல்லியிருப்பார். அவர் எப்படிப் போனார் என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள். 1914 மார்ச்சில் சென்னையில் கப்பல் ஏறும்போது அவர் கையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை இருந்தது, ஆண்டுக்கு 250 பவுண்டு. கப்பல் கட்டணமும் துணிமணிச் செலவும் தனி. அதற்கு மேல் டிரினிட்டி கல்லூரி ஆண்டுக்கு 60 பவுண்டு கொடுத்தது. அந்த உதவித்தொகையில் ஒரு பகுதி ஊரிலிருந்த குடும்பத்துக்குப் போய்ச் சேரும்படி ஏற்பாடும் செய்திருந்தார்கள். அதாவது அவர் அங்கே கணிதம் செய்துகொண்டிருந்தபோது வீட்டில் அடுப்பு எரியுமா என்ற கவலை இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குப் பின்னால் போன சுப்ரமணியன் சந்திரசேகரும் அப்படித்தான். சென்னை மாநிலக் கல்லூரி மாணவர், 1930ல் 19 வயதில் அரசு உதவித்தொகையோடு கப்பல் ஏறினார், வெள்ளைக் குள்ளன் என்ற வகை நட்சத்திரங்களின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்ற அந்தப் புகழ்பெற்ற கணக்கை அந்தக் கப்பல் பயணத்திலேயே போட்டார். இரண்டு பேருமே வீட்டுச் சொத்தை விற்றுப் போகவில்லை. அந்தக் காலத்திலேயே, அவ்வளவு பெரிய மூளைகளுக்கே, பொதுப்பணம்தான் வழி செய்தது. அதனால் உதவித்தொகை வரட்டும் என்று காத்திருப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

சரி, அப்படி என்னதான் இருக்கிறது அந்த இடத்தில்? இதைத் தெரிந்துகொண்டால்தான் கடனோடு போகாதீர்கள் என்று நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது புரியும்.

கேம்பிரிட்ஜ் 1209லிருந்து இருக்கிறது, 31 கல்லூரிகள் (ஒவ்வொரு மாணவரும் அதில் ஒன்றைச் சேர்ந்தவர்), பழைய கட்டடங்கள், புல்தரை, அங்கி போட்டுக்கொண்டு சாப்பிடும் விருந்துகள் என்று நிறைய படம் பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும், முதல் இரண்டு வாரம். உங்கள் வகுப்புகள் அந்தப் பழைய கட்டடங்களில் நடக்காது. ஊருக்கு மேற்கே வில்பர்ஃபோர்ஸ் சாலையில் கணித அறிவியல் மையம் என்று ஒரு புதிய வளாகம் இருக்கிறது, பெரும்பாலான நேரம் அங்கேதான் இருப்பீர்கள். ஒரு டெர்ம் என்பது எட்டே வாரம். பாடங்கள் 24 விரிவுரைகள் அல்லது 16 விரிவுரைகள் கொண்டவை, பெரும்பாலும் முதல் இரண்டு டெர்மிலேயே முடிந்துவிடும். நம்மூரில் ஒரு செமஸ்டர் முழுக்க நடத்துவதை அங்கே சில வாரங்களில் நடத்தி முடித்துவிடுவார்கள். தேர்வு எல்லாம் கடைசியில், ஆண்டு முடிவில், ஒரேயடியாக. நடுவில் இன்டர்னல் கிடையாது, மாதிரித் தேர்வு கிடையாது, வருகைப் பதிவு எடுத்து யாரும் அப்பாவுக்குப் போன் பண்ண மாட்டார்கள். விருப்பப்பட்டால் ஒரு பாடத்துக்குப் பதிலாக நீண்ட கட்டுரை எழுதிக் கொடுக்கலாம், ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்கள் அதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்பது என் கருத்து. கேம்பிரிட்ஜிலேயே பிஎச்.டி. தொடர வேண்டுமென்றால் பொதுவாக டிஸ்டிங்ஷன் எதிர்பார்ப்பார்கள் என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள்.

அந்த இடத்தின் உண்மையான சொத்து மனிதர்களின் நேரம். விரிவுரை எடுப்பவர் அந்தத் துறையில் போன வருடம் ஒரு புதிய தேற்றத்தை நிறுவியவராக இருப்பார், வகுப்பு முடிந்து பலகையை அழித்துக்கொண்டிருக்கும்போது போய்க் கேட்டால் நின்று பதில் சொல்வார். ஒவ்வொரு பாடத்துக்கும் ‘எக்ஸாம்பிள் ஷீட்’ என்று கணக்குத் தாள்கள் தருவார்கள், அதைச் சிறு குழுவாக உட்கார்ந்து பேசுவார்கள். ராமானுஜனுக்கு அங்கிருந்த கணித அறிஞர்கள் ஹார்டியும் லிட்டில்வுட்டும் கொடுத்ததும் இதைத்தான், தங்கள் நேரத்தை. இந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்கிற மனநிலையோடு போகிறவருக்கு ஒன்பது மாதம் ஒரு வாழ்நாளுக்குப் போதும். தவணைக் கணக்கு தலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மனநிலை வராது. கடனோடு போன பிள்ளைகள் எனக்குப் போன் செய்து முதல் மாதத்திலேயே கேட்பது பகுதி நேர வேலை எங்கே கிடைக்கும் என்பதுதான். மத்தியான இடைவேளையில் ஒரு சாண்ட்விச் வாங்கும் முன் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று நடந்து அறைக்குத் திரும்பிவிடுவார்கள். அதே நேரத்தில் மற்றவர்கள் அங்கேயே காபி குடித்துக்கொண்டு காலையில் நடந்த பாடத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள். படிப்பின் பாதி அந்த மேசையில்தான் நடக்கிறது.

சமமாக நிற்க முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வருடமோ அடுத்த வருடமோ நீங்கள் போகத்தான் போகிறீர்கள் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் கணிதத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை, தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இருந்திருக்காது. நம் பிள்ளைகள் தடுமாறுவது வேறு இடத்தில். எக்ஸாம்பிள் வகுப்பு ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஒரு கரும்பலகை, சுற்றி ஒரு சிறு குழு, நடத்துபவர் பிஎச்.டி. மாணவராகக்கூட இருக்கலாம். மூன்றாவது கணக்கை யார் செய்தீர்கள் என்று கேட்பார். நம்மூர் மாணவியின் நோட்டில் முழு விடையும் இருக்கும், அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். வாய் திறக்க மாட்டார். பக்கத்தில் இருக்கும் ஒரு பையன் பாதி தப்பாகச் செய்திருப்பான், எழுந்து போய் பலகையில் எழுதத் தொடங்குவான், நடுவில் மாட்டிக்கொள்வான், எல்லாரும் சேர்ந்து அதைச் சரி செய்வார்கள். வகுப்பு முடியும்போது அவனுக்கு அந்தக் கணக்கு எலும்பு வரை புரிந்திருக்கும், நடத்துபவருக்கு அவன் பெயர் தெரிந்திருக்கும். நம் மாணவியின் பெயர் தெரிந்திருக்காது. நாளைக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் யாரிடம் போய் நிற்பது?

சிறுவயதிலிருந்தே தப்பாகப் பதில் சொன்னால் அடியோ சிரிப்போ கிடைக்கும் என்று பழகியிருக்கிறோம். அங்கே அப்படிக் கிடையாது, இரண்டாவது வரியிலிருந்து மூன்றாவது வரி எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை என்று சொல்வதை யாரும் குறைவாக நினைப்பதில்லை, சொல்லப் போனால் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். இதற்குப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. இப்போதிருந்தே பழகுங்கள். உங்கள் வகுப்புத் தோழிகள் இரண்டு பேரைப் பிடித்து, வாரம் ஒரு நாள் ஒரு தேற்றத்தைப் பலகையில் ஆங்கிலத்தில் விளக்குங்கள், அவர்கள் நடுநடுவே குறுக்குக் கேள்வி கேட்கட்டும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுவதைவிட இது பல மடங்கு உதவும். கணிதம் பேசும் ஆங்கிலம் மிகச் சிறியது, ஒரு நூறு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். உச்சரிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம், அந்த அறையில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தாய்மொழியாக இருக்காது.

இன்னொன்று. நடுவில் தேர்வு இல்லாததால், அக்டோபரிலேயே பின்தங்கிய ஒருவர் ஜூன் வரை அதை மறைத்துக்கொண்டே இருக்க முடியும், ஆபத்து அங்கேதான். ஒவ்வொரு மாணவருக்கும் கல்லூரியில் ஒரு டியூட்டர் உண்டு, அவர் பாடம் நடத்துபவர் இல்லை, உடம்பு, மனது, பணம், தங்குமிடம் என்று எந்தக் கஷ்டமானாலும் போய்ச் சொல்வதற்கென்றே இருப்பவர். பெரும்பாலான நம் மாணவர்கள் அவரை முதல் வாரம் ஒரு தடவை பார்ப்பதோடு சரி. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகுதான் போவார்கள். மூன்றாவது வாரமே போய் இரண்டு பாடம் எனக்குக் கடினமாக இருக்கிறது, குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

ராமானுஜனைப் பற்றி ஒரு சம்பவம் உண்டு. அங்கே படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் பேர் பெற்ற மஹலனோபிஸ் அவரைப் பார்க்கப் போனபோது, இரவில் குளிர் தாங்க முடியவில்லை என்றிருக்கிறார், ஓவர்கோட் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்திப் படுக்கிறேன் என்றிருக்கிறார். மஹலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால் கம்பளிகள் எல்லாம் கட்டிலில் இறுக்கமாகச் செருகி விரித்தபடியே இருக்கின்றன, இவர் அதற்கு மேலே படுத்திருக்கிறார். அதை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எல்லைக்கு அந்தப்பக்கம் போகிற நம் பிள்ளைகளுக்கெல்லாம் நான் இதைச் சொல்வதுண்டு, சின்ன விஷயம் என்று நினைத்துக் கேட்காமல் இருக்காதீர்கள். கல்லூரி வாசலில் காவலும் உதவியும் பார்க்கும் போர்ட்டர்கள் இருக்கிறார்கள், ஹீட்டரை எப்படித் திருப்புவது, குப்பையை எங்கே போடுவது, இரவில் சாவி தொலைந்தால் என்ன செய்வது என்று எதை வேண்டுமானாலும் அவர்களிடம் கேட்கலாம்.

சாப்பாடு, குளிர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விடுதியில் ‘ஜிப்’ என்று சொல்லும் சின்ன சமையலறை இருக்கும், நாலைந்து பேருக்குப் பொது, சிலவற்றில் அடுப்புகூடச் சரியாக இருக்காது, மைக்ரோவேவ் மட்டும்தான். அறை ஒதுக்கும்போதே சமைப்பேன் என்று எழுதிக் கேளுங்கள். கடுகு தாளித்தால் புகை அலாரம் அடித்து மொத்தக் கட்டடமும் ஜனவரிக் குளிரில் வெளியே வந்து நிற்கும், அதனால் ஜன்னலைத் திறந்து வைத்து, எண்ணெய் புகையும் முன்பே கடுகைப் போட்டு மூடிவிட வேண்டும். அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் மில் ரோடு கடைகளில் கிடைக்கும், பெட்டியில் கிலோ கணக்கில் சுமக்க வேண்டாம். குளிரைவிட இருட்டுதான் நம் ஆட்களை வாட்டும், டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காலை வெளிச்சத்தில் தினமும் வெளியே நடந்துவிடுங்கள். ஊர் சமதரை, எல்லாரும் சைக்கிளில்தான் போவார்கள், பழைய சைக்கிள் வாங்கினால் போதும், இருட்டில் விளக்கு இல்லாமல் ஓட்டக் கூடாது.

அம்மாவின் பயத்துக்கு: பெண்களுக்கு மட்டுமான கல்லூரிகள் அங்கே இன்னும் இருக்கின்றன, நியூன்ஹம் ஒன்று, மர்ரி எட்வர்ட்ஸ் ஒன்று. விண்ணப்பத்தில் கல்லூரி விருப்பம் எழுதும்போது அவற்றைக் குறிப்பிடலாம். 1871ல் தொடங்கிய நியூன்ஹமில் படித்த பிலிப்பா ஃபாசெட் 1890ல் கணிதத் தேர்வில் முதலிடம் வந்த ஆணைவிட அதிக மதிப்பெண் எடுத்தார். ஆனால் பெண் என்பதால் பட்டம் கொடுக்கவில்லை, கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தரத் தொடங்கியது 1948ல்தான். இந்தக் கதையை அம்மாவிடம் சொல்லுங்கள், உங்களுக்குக் கிடைத்திருக்கும் இடம் எவ்வளவு போராடி வந்தது என்று அவருக்கும் தெரியட்டும்.

இப்போது உடனே செய்ய வேண்டியவை. ஆஃபரை இன்றே மறுக்காதீர்கள். கணிதத் துறைக்கும் உங்களுக்கு ஒதுக்கிய கல்லூரிக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் எழுதுங்கள். உதவித்தொகை கிடைக்கவில்லை, இந்த ஆண்டு வேறு நிதி ஏதாவது மிச்சம் இருக்கிறதா, இல்லையென்றால் ஓராண்டு தள்ளி வைக்க அனுமதி உண்டா என்று நேராகக் கேளுங்கள். தள்ளி வைப்பது உறுதியில்லை, பெரும்பாலும் மறுபடி விண்ணப்பிக்கத்தான் சொல்வார்கள், ஆனாலும் கேட்பதில் தவறில்லை. கல்லூரிகளில் ‘ஹார்ட்ஷிப் ஃபண்ட்’ இருக்கிறதே என்று யாராவது சொன்னால் அதை நம்பி விமானம் ஏற வேண்டாம், அது வந்த பிறகு எதிர்பாராமல் நெருக்கடியில் மாட்டியவர்களுக்கானது, கட்டணம் கட்டுவதற்கு இல்லை.

ஒரு எச்சரிக்கை. விசாவுக்குக் கட்டணமும் அதிகபட்சம் ஒன்பது மாதச் செலவும் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருந்ததாகக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு உங்கள் பேரிலோ அம்மா, அப்பா பேரிலோ இருக்க வேண்டும். சித்தப்பா, மாமா கணக்கில் கோடி இருந்தாலும் செல்லாது. நாங்கள் 28 நாளைக்குப் பணம் போட்டுக் காட்டுகிறோம், கமிஷன் கொடுத்தால் போதும் என்று சில ஆட்கள் வருவார்கள், பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். பொய்க் கணக்கு என்று தெரிந்தால் விசா மறுப்பதோடு நிற்காது, பத்து ஆண்டு வரை தடை வரலாம். முறையான வங்கிக் கல்விக் கடன் கடிதத்தை ஏற்றுக்கொள்வார்கள். இது போக விசாக் கட்டணம், ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவச் சேவைக் கட்டணம், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் காசநோய்ப் பரிசோதனை இவையும் உண்டு. சில அறிவியல், பொறியியல் படிப்புகளுக்கு ‘ஏட்டாஸ்’ என்று முன் அனுமதி தேவைப்படும், அதற்கே பல வாரம் ஆகும், உங்களுக்குத் தேவையா என்பது ஆஃபர் கடிதத்தில் இருக்கும்.

மறுபடி கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த வருடம் மறுத்ததற்காக அடுத்த வருடம் யாரும் உங்களை ஒதுக்க மாட்டார்கள், கறுப்புப் பட்டியல் எதுவும் கிடையாது. உறுதியாகக் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், போட்டி ஒவ்வொரு வருடமும் வேறு. ஆனால் ஒரு வருடத்தைச் சரியாகப் பயன்படுத்தினால் உங்கள் விண்ணப்பம் இன்னும் பலமாகும். சென்னையிலேயே தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகமும் இருக்கின்றன, இரண்டும் உலகத்துக்குத் தெரிந்த இடங்கள். அங்கே பிஎச்.டி.க்கோ ஒரு புராஜெக்டுக்கோ முயலுங்கள், அங்குள்ள ஒரு பேராசிரியர் எழுதும் பரிந்துரை கேம்பிரிட்ஜில் நன்றாக எடுபடும். என்னைக் கேட்டால், இரண்டு தனிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். ஒன்று, கேம்பிரிட்ஜுக்கே உதவித்தொகையோடு: கேட்ஸ் கேம்பிரிட்ஜ், கேம்பிரிட்ஜ் டிரஸ்ட், காமன்வெல்த் உதவித்தொகைகள் மூன்றுக்கும் விண்ணப்பியுங்கள். கேட்ஸுக்குத் தனி விண்ணப்பம் இல்லை, சேர்க்கை விண்ணப்பத்திலேயே அந்தப் பகுதியை நிரப்ப வேண்டும், பாடத்தைப் பொறுத்து டிசம்பர் தொடக்கத்திலோ ஜனவரி தொடக்கத்திலோ முடிந்துவிடும், நம்மூர் மாணவர்கள் பலர் சேர்க்கைக்கான கடைசித் தேதியை மட்டும் பார்த்துவிட்டு இதைத் தவற விடுகிறார்கள். உங்களுக்கும் அப்படி நடந்திருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது, பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டு, ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம். கணிதத்தில் ஐரோப்பாவின் முன்னணி இடங்களில் ஒன்று, முதுகலை ஆங்கிலத்திலேயே நடக்கிறது, கல்விக் கட்டணம் கிடையாது. ஆண்டுக்கு 11,904 யூரோவைத் தடுப்புக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே எடுக்கக்கூடிய ‘பிளாக்டு அக்கவுன்ட்’) காட்ட வேண்டும், அதுவும் செலவழிக்க உங்களுக்கே திரும்பக் கிடைக்கும் பணம். முடிக்க இரண்டு ஆண்டு ஆகும், ஆனாலும் நீங்கள் சொன்ன 60 லட்சத்தில் பாதிகூட வராது.

அமெரிக்காவில் நேரடியாகப் பிஎச்.டி.க்கே விண்ணப்பிக்கலாம், கட்டணம் தள்ளுபடியோடு மாதச் சம்பளமும் கொடுப்பார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். மகளுக்காக நிலத்தையே விற்க முன்வந்த மனுஷர் அவர், வேண்டாம் என்று சொன்னால் தன் கையாலாகாத்தனம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். போகவில்லை என்று தொடங்காதீர்கள். அடுத்த வருடம் உதவித்தொகையோடு போகப் போகிறேன், அதற்கு எனக்கு ஒரு வருடம் வீட்டிலிருந்து சாப்பாடு போட்டால் போதும் என்று கேளுங்கள், மேலே போட்ட தவணைக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். தம்பிக்கும் இன்னும் இரண்டு மாதத்தில் கல்லூரிக் கட்டணம் வரப்போகிறது என்பது அவருக்கும் தெரியும்.

கேம்பிரிட்ஜ் விண்ணப்பத் தளம் செப்டம்பரில் திறக்கும். அதற்கு முன் பரிந்துரை எழுதிய உங்கள் ஆசிரியர்களைப் பார்த்து நடந்ததைச் சொல்லி, மறுபடி எழுதித் தர முடியுமா என்று கேட்டு வையுங்கள். துறைக்கு எழுதப்போகும் மின்னஞ்சலின் வரைவை எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன், ஆஃபர் கடிதத்தின் நிபந்தனைப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.